கம்யூனிகேஷன் கொஞ்சம் வீக்

போன டிசம்பரில் ஒரு பையனை வேலைக்கு எடுக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். நேர்காணல் முடிந்ததும் நிரப்ப வேண்டிய படிவத்தில், கருத்து என்ற பெட்டிக்குள் நான் தட்டியது ஒரே வரி: ‘டெக்னிக்கலாக ஓகே, கம்யூனிகேஷன் கொஞ்சம் வீக்.’ ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் போட்டேன். சப்மிட்டை அமுக்கினேன். டீ குடிக்கப் போய்விட்டேன்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பையன். பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. சட்டை அன்றைக்குத்தான் பிரித்தது. காலரில் குண்டூசி எடுத்த ஓட்டை தெரிந்தது. நான் கேட்ட கேள்வி இதுதான். ஒருவர் செயலியில் பணம் அனுப்புகிறார். நெட்வொர்க் தொங்கிவிட்டது. பதறிப்போய் மறுபடி பட்டனை அமுக்குகிறார். ஒரே கோரிக்கை சர்வருக்கு இரண்டு தடவை வந்து சேர்கிறது. பணம் இரண்டு தடவை போகாமல் எப்படித் தடுப்பாய்?

அவன் ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். ‘சார், ஆக்சுவலி, சேம் திங் கம்மிங் மீன்ஸ்...’ என்று இரண்டு முறை கிளம்பி இரண்டு முறையும் நின்றுபோனான். காது மடல் சிவந்துவிட்டது. ‘தமிழ்லயே சொல்லுப்பா’ என்றேன். மார்க்கரை எடுத்துக்கொண்டு போர்டுக்குப் போனான்.

‘ரேஷன் கடையில கார்டு வெச்சா, ஏற்கெனவே வாங்கியாச்சுன்னு மிஷின் காட்டும்ல சார், அது மாதிரி. ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் போன்லயே ஒரு நம்பர் குடுத்துடணும். சர்வரு மொதல்ல அந்த நம்பர எழுதி வெச்சுட்டுதான் பணத்தத் தொடணும். அதே நம்பர் திரும்ப வந்துச்சுன்னா பணத்தத் தொடவே கூடாது, மொதல்ல என்ன பதில் குடுத்தோமோ அதையே குடுத்துடணும்.’ நான் கேட்காமலேயே அடுத்ததும் சொன்னான்: ‘ஆனா நம்பர எழுதிட்டு, பணம் போறதுக்குள்ள சர்வர் செத்துருச்சுன்னா மாட்டிக்குவோம் சார். அதுக்கு இன்னொண்ணு யோசிக்கணும்.’ அதையும் யோசித்தான். பத்து நிமிடம் ஆனது.

இதற்கு எங்கள் தொழிலில் ‘ஐடெம்பொட்டன்சி’ என்று பெயர். அவனுக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. அடுத்து வந்த சென்னைப் பையனுக்குத் தெரிந்திருந்தது. கேள்வி முடிந்த அரை நிமிடத்தில் அந்தச் சொல்லைச் சொன்னான். அதற்கு முன்னால் ‘கிரேட் கொஸ்டின்’ என்றும் சொன்னான். சரி, எப்படிச் செய்வாய் என்று கேட்டதும் மிக அழகாகப் பேசினான். ஸ்கேலபிலிட்டி, ட்ரேட் ஆஃப், யூசர் எக்ஸ்பீரியன்ஸ். இருபது நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தோம், விடை வரவில்லை. வராததை நாங்கள் கவனிக்காத அளவுக்கு நன்றாகப் பேசினான்.

பிற்பகல் மூன்று பேர் உட்கார்ந்து முடிவெடுத்தோம். முதல் பையனைப் பற்றி என் சகா சொன்னது: ‘லாஜிக் இருக்கு, பட் எல்லாத்தையும் இது அங்க போகும், அது இங்க வரும்னே சொல்றான். கிளையன்ட் முன்னாடி நிறுத்த முடியுமா?’ இரண்டாமவனைப் பற்றி: ‘விஷயம் கொஞ்சம் கம்மி, பட் குரூம் பண்ணிக்கலாம்.’ எச்.ஆர். பெண்மணி என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

விஷயம் தெரிந்து பேச வராதவனுக்குப் பேசக் கற்றுக்கொடுக்க முடியாதாம். பேசத் தெரிந்து விஷயம் வராதவனுக்கு விஷயத்தைக் கற்றுக்கொடுக்கலாமாம். நிரல் எழுதுவதற்குச் சம்பளம் கொடுக்கும் ஒரு கம்பெனியில் மூன்று பேர், அதில் இரண்டு பேர் பொறியாளர்கள், இதை ஒரு வாதமாக ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டோம். இந்தக் கட்டுரை அந்தக் கையெழுத்தைப் பற்றியது.

நான் அதே பெட்டியில் விழுந்து எழுந்தவன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். 2007ல் பொறியியல் சேர்ந்தேன். அந்த வருடம்தான் தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு இல்லாமல், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை மட்டும் வைத்து இடம் கொடுக்க ஆரம்பித்தார்கள். அருப்புக்கோட்டையில் கோச்சிங் சென்டருக்குக் காசில்லாத வீட்டிலிருந்து நான் கல்லூரிக்குப் போனது அப்படித்தான். 2010ல் கேம்பஸ். எழுத்துத் தேர்வில் எங்கள் வகுப்பிலேயே நான்தான் முதல். அடுத்தது குரூப் டிஸ்கஷன். மாநகரங்களில் தனியார் கார்களைத் தடை செய்யலாமா என்று தலைப்பு. நான் அதுவரை காரில் ஏறியதே கல்யாண வேனைச் சேர்த்தால் நாலைந்து தடவைதான் இருக்கும். ஆனாலும் பேசினேன், நாலு வாக்கியம் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். வெளியே வந்ததும் பிளேஸ்மென்ட் ஆபீசர் தோளில் கை போட்டுச் சொன்னார்: ‘ரொம்ப அக்ரெசிவ்வா பேசுறியாம்டா. கத்துறியாம்.’

கத்தினேன்தான். எங்கள் வீட்டில் எல்லோருமே கத்தித்தான் பேசுவோம். அப்பா விசைத்தறி ஓட்டினார். ஒரே ஷெட்டில் இருபது தறி ஓடும்போது பேச்சுக்கு இடமில்லை. விரல் அசைவும் உதட்டு அசைவும்தான் அங்கே பாஷை. நூல் அறுந்ததற்கு ஒரு சைகை, முதலாளி வருவதற்கு ஒரு சைகை. சொல்லியே ஆக வேண்டும் என்றால் காதருகே போய் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை, அதுவும் உச்சக் குரலில். பன்னிரண்டு மணி நேரம் அப்படி இருந்துவிட்டு வீட்டுக்கு வருபவர், சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் ‘தண்ணி’ என்று ஷெட்டுக்குள் நிற்பதுபோலத்தான் கேட்பார். கோபம் என்று புதுசாக வருபவர்கள் நினைப்பார்கள். காது மந்தம், அவ்வளவுதான். என் குரலின் டெசிபல் அந்த ஷெட்டிலிருந்து வந்தது. அதை ஒருவர் காதில் வாங்கி, ஒரு காகிதத்தில் ‘அக்ரெசிவ்’ என்று என் குணமாக எழுதிவிட்டார்.

அதன் பிறகு வேளச்சேரியில் ஒரு மேன்ஷனில் நாலு பேரோடு ஓர் அறை, ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு, ஒன்றரை வருடம் சம்பளமே இல்லாத மாதிரி ஒரு சப்போர்ட் வேலை. அந்தக் கதை உங்களில் பலருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். நான் அங்கே கற்றுக்கொண்டதில் ஆங்கிலம் கொஞ்சம்தான். குரலை இறக்கக் கற்றுக்கொண்டேன். தெரியாத விஷயத்தில் மௌனமாக இருக்காமல் ‘இன்ட்ரஸ்டிங்’ என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். கையைக் கட்டாமல் மேஜைமேல் வைக்கக் கற்றுக்கொண்டேன். அதாவது, தறி ஷெட்டை உடம்பிலிருந்து துடைத்துப் போட்டேன். துடைத்து முடித்ததும் எனக்குக் கம்யூனிகேஷன் வந்துவிட்டது என்றார்கள்.

பாசில் பெர்ன்ஸ்டைன் என்று ஒரு சமூகவியலாளர். லண்டனில் பகுதி நேரமாகப் படிக்க வரும் உழைக்கும் வர்க்கத்து இளைஞர்களுக்குப் பாடம் எடுத்தவர். அவர் குழு நடத்திய ஆய்வுகளில் ஒன்று எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் நாலு படம் கொடுத்துக் கதை சொல்லச் சொன்னார்கள். பையன்கள் பந்து விளையாடுகிறார்கள், பந்து ஜன்னலை உடைக்கிறது, வீட்டுக்காரர் திட்டுகிறார். நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகள் மூன்று பையன்கள், ஒரு பந்து, ஒரு ஜன்னல் என்று பெயர்ச்சொல் போட்டுச் சொன்னார்கள். படத்தைப் பார்க்காதவருக்கும் புரியும். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் அவன் உதைத்தான், அது அதுக்குள்ளே போயிற்று, அவர் வந்து திட்டினார் என்று சொன்னார்கள். படம் கையில் இருந்தால் முழுசாகப் புரியும்.

படம்தான் கையில் இருந்ததே! கேட்கிறவரும் அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார். நீயும் நானும் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அப்புறம் எதற்குப் பெயர் சொல்லி நீட்ட வேண்டும் என்று நினைப்பது ஒரு குறைபாடா? பள்ளிக்கூடம் அதைக் குறைபாடு என்றுதான் எடுத்துக்கொள்கிறது. முன்பின் தெரியாதவருக்குச் சொல்வதுபோல் சொல்லும் பேச்சுக்குத்தான் அங்கே மதிப்பெண். அந்தப் பேச்சு யார் வீட்டில் ஏற்கெனவே புழங்குகிறதோ அந்தப் பிள்ளை ‘பிரைட்’. மற்றது ‘ஸ்லோ’. பெர்ன்ஸ்டைனைப் பலர், ஏழைப் பிள்ளைகளின் மொழி ஊனமானது என்று அவர் சொன்னதாகத் தப்பாகப் படித்தார்கள். சமூகம் செய்த கோளாறைப் பள்ளிக்கூடம் ஈடுகட்டிவிட முடியாது என்று 1970ல் அவரே எழுதிப் பார்த்தார். பெரிய பயன் இல்லை.

என் சகா சொன்னதை இப்போது திரும்பப் படியுங்கள். ‘இது அங்க போகும், அது இங்க வரும்னே சொல்றான்.’ போர்டில் படம் வரைந்து, அதன்மேல் விரலை வைத்துக்கொண்டுதான் அந்தப் பையன் அப்படிச் சொன்னான். நாங்களும் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்னொரு ஆய்வு, அமெரிக்காவில். 1969ல் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் எழுதியது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக் கறுப்பினச் சிறுவர்களுக்குச் சரியாகப் பேசவே வராது, ஒற்றை வார்த்தைதான் என்று கல்வியாளர்கள் அப்போது அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார்கள். எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் லபோவின் குழுவில் இருந்தவர் பேட்டி எடுத்தார். ஹார்லெமிலேயே வளர்ந்த கறுப்பர்தான் அவர். அப்போதும் பையன் ஒற்றை வார்த்தைதான். அடுத்த தடவை அவர் ஒரு சிப்ஸ் பொட்டலத்தோடு வந்தார், பையனின் சிநேகிதனையும் கூட்டிவந்தார், தரையில் உட்கார்ந்தார், பெரியவர்கள் முன்னால் பேசக்கூடாத வார்த்தைகளை அவரே முதலில் பேசினார். அதன் பிறகு இரண்டு பையன்களும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பேசியிருக்கிறார்கள், நிறுத்த முடியவில்லை. ஒரே பையன்தான். மாறியது அறை.

நான் ‘தமிழ்லயே சொல்லுப்பா’ என்றது என் பங்கு சிப்ஸ் பொட்டலம். அந்தப் பத்து நிமிடம் பையன் பேசியதை என் காதால் கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் ஐந்துக்கு இரண்டு போட்டேன். லபோவ் படிக்காதவன் செய்திருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். நான் படித்திருந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் வர்க்கம் வர்க்கம் என்று பேசிக்கொண்டே போனால் பாதிப் பொய். நம் ஊரில் வர்க்கம் தனியாக நடந்து வருவதில்லை, சாதியின் தோளில் கை போட்டுக்கொண்டுதான் வரும். நேர்காணல் அறையில் யாரும் யாரையும் என்ன ஆட்கள் என்று கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. அப்பா என்ன பண்றார், எந்த ஸ்கூல், வீட்ல என்ன பேசுவீங்க என்ற மூன்று கேள்வியில் தொண்ணூறு சதவீதம் தெரிந்துவிடும். மீதியை உச்சரிப்பு சொல்லிவிடும். அப்புறம் ‘கான்ஃபிடன்ஸ்’ என்ற வார்த்தை. இந்தத் தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? பெரியவர்கள் பேச்சில் குறுக்கே விழும் பிள்ளையை ‘சமர்த்து’ என்று கொஞ்சும் வீடு உண்டு. எங்கள் வீடுகளில் ‘பெரியவங்க பேசுறப்ப என்னடா வாய்’ என்று ஓர் அடி விழும். எங்கள் பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டவன் அதிகப்பிரசங்கி. கைகட்டி வாய்மூடி இருப்பவன் நல்ல பையன், அவனுக்குத்தான் கிளாஸ் லீடர் பதவி. அதே வயதில் இன்னொரு பள்ளியில் பிள்ளையை மேடை ஏற்றி, வீட்டிலிருந்து கொண்டுவந்த பொம்மையைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொல்கிறார்கள். ஒரு கூட்டத்தை அடங்கி நடக்கவும் இன்னொரு கூட்டத்தை அடக்கி நடத்தவும் பன்னிரண்டு வருடம் பயிற்சி கொடுத்துவிட்டு, கடைசியில் இரண்டு கூட்டத்தையும் ஒரே அறையில் உட்காரவைத்து, யார் தயங்காமல் பேசுகிறார்கள் என்று பார்ப்பது என்ன தேர்வு?

‘ஆங்கிலம் இல்லாமல் இந்தத் தொழில் நடக்குமா, வாடிக்கையாளர் வெளிநாட்டில் இருக்கிறாரே’ என்று கேட்பீர்கள். எனக்கு வரும் எல்லா வாதங்களிலும் இதுதான் கொஞ்சமாவது மரியாதைக்குரியது. பதில் சொல்கிறேன். எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர் ஜப்பானில் இருக்கிறார். அவருடைய ஆங்கிலத்தில் வினைச்சொல்லுக்குக் காலம் கிடையாது, பல வாக்கியங்களில் வினைச்சொல்லே கிடையாது. அவர் பேசும்போது கூட்டத்தில் ஈ பறந்தால் கேட்கும். ஒவ்வொரு வார்த்தையையும் குறித்துக்கொள்கிறோம், புரியாவிட்டால் மிகப் பணிவாக மறுபடி கேட்கிறோம், கூட்டம் முடிந்த பிறகு நாலு பேர் உட்கார்ந்து அவர் என்ன சொல்லியிருப்பார் என்று ஆராய்கிறோம். ஆறு வருடத்தில் ஒருத்தர்கூட அவருக்குக் கம்யூனிகேஷன் வீக் என்று சொல்லிக் கேட்டதில்லை. உடைந்த ஆங்கிலத்திலிருந்து பொருளை எடுக்க எங்களுக்குத் தெரியாமல் இல்லை. பணம் கொடுப்பவரிடம் மட்டும் அந்தத் திறமையைக் காட்டுகிறோம்.

இன்னொரு பக்கம், என் வேலையில் எட்டில் ஆறு மணி நேரம் தனியாக நிரலைப் பார்த்துக்கொண்டிருப்பதும், மீதி நேரத்தில் பக்கத்து சீட்டுக்காரரிடம் ‘அந்த சர்வீஸ் ஏன்டா ரெஸ்பான்ஸ் தரமாட்டேங்குது’ என்று தமிழில் புலம்புவதும்தான். கிளையன்ட் முன்னால் நிற்பவர் முப்பது பேரில் இரண்டு பேர். அந்த இரண்டு பேருக்கான தகுதியை முப்பது பேருக்கும் வாசலிலேயே கேட்பது தேவைக்கா, வடிகட்டவா?

வடிகட்டத்தான் என்று நான் நினைப்பதற்குக் காரணம், இந்த வேலி ஓர் இடத்தில் நிற்பதில்லை. எங்கள் அப்பா காலத்தில் கேள்வி ‘இங்கிலீஷ் தெரியுமா’ என்பது. எங்கள் தலைமுறை அதை எப்படியோ படித்துத் தொலைத்ததும், ‘எழுதறது சரி, பேச வருமா’ என்றார்கள். முட்டி மோதிப் பேச வந்ததும் ஆக்ஸன்ட். அதற்கும் வகுப்புக்குப் போக ஆரம்பித்ததும் சாஃப்ட் ஸ்கில். இப்போது ‘கல்ச்சுரல் ஃபிட்’ என்று ஒரு பெட்டி வந்திருக்கிறது, அதற்கு விளக்கம் எச்.ஆரிடமே இல்லை. பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் ஸ்டேட் போர்டு, மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நாலு பாடத்திட்டம் தனித்தனியாக இருந்தன. சமச்சீர் கல்விச் சட்டம் 2010ல் வந்தது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதும் நிறுத்திவைக்கப் பார்த்து, உச்ச நீதிமன்றம் வரை போய், 2011 ஆகஸ்டில் நடைமுறைப்படுத்தச் சொல்லித் தீர்ப்பு வந்தது. மெட்ரிகுலேஷன் பிள்ளையும் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளையும் ஒரே புத்தகத்தைப் படிக்கும் நிலை வந்தது. என்ன நடந்தது? புத்தகம் பொதுவானதும் காசுள்ள வீடுகள் வேறு புத்தகத்துக்குக் கிளம்பின. நகரத்துப் பெரிய மெட்ரிக் பள்ளிகளின் பெயர்ப் பலகைகளில் சிபிஎஸ்இ ஏறியது. அந்த சிபிஎஸ்இ எங்கள் ஊர் மாதிரி இடத்துக்கும் வந்து சேர்ந்ததும், சென்னையில் ஐபி, கேம்பிரிட்ஜ் என்று அடுத்த படி. மருத்துவத்தில் 2017ல் நீட் வந்தது. தமிழ் வழி மாணவர்கள் உள்ளே போவது எப்படிச் சுருங்கியது என்பதை ஏ.கே. ராஜன் குழு அறிக்கையிலேயே பார்க்கலாம். 2020ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு என்று ஒரு சின்னக் கதவைத் திறக்க வேண்டிவந்தது. திறந்ததுமே ‘கோட்டா டாக்டர்’ என்று கிண்டல் ஆரம்பித்தது. பல லட்சம் கொடுத்து நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவரை யாரும் காசு டாக்டர் என்று சொல்வதில்லை.

ஆங்கிலமே ஒரு காலத்தில் வேலியின் தப்பான பக்கத்தில் நின்ற மொழிதான் என்பது எனக்குப் பிடித்த தகவல். இங்கிலாந்தில் மூன்று நூற்றாண்டுக்கு அரண்மனையும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசின, ஆங்கிலம் வேலைக்காரர்களின் பேச்சு. வழக்குகளை ஆங்கிலத்தில் வாதாடலாம் என்று 1362ல் ஒரு சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தை எழுதியதே பிரெஞ்சில்.

‘அதனால்தான் தாய்மொழிக் கல்வி வேண்டும் என்கிறோம்’ என்று தமிழ் அன்பர்கள் என்னை அணைத்துக்கொள்ள வருவார்கள். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். கொள்கையாக எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் மேடையில் அதைச் சொல்பவர்களில் எத்தனை பேர் தங்கள் பிள்ளையைத் தமிழ் வழியில் சேர்த்திருக்கிறார்கள் என்று சுற்றிலும் பார்த்துக்கொள்ளலாம். தமிழ் வழி என்பது இன்றைக்கு ஒரு மொழிக் கொள்கையாகவா இருக்கிறது? ஆங்கில வழிக்குக் கட்டணம் கட்ட முடியாதவர்களின் முகவரியாக அல்லவா ஆகிவிட்டது. 2013 வாக்கில் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகளைப் பெருமளவில் திறந்தபோது அறிவுஜீவிகள் கண்டித்து எழுதினார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற பெற்றோரை ஏமாளிகள் என்றார்கள். அவர்கள் ஏமாளிகள் இல்லை. சந்தையில் எந்த நாணயம் செல்லும் என்று தினமும் சில்லறை எண்ணுபவர்களுக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது.

அன்பர்கள் காக்கிற தமிழுக்குள்ளேயும் இதே வேலி ஓடுகிறதே, அதற்கு என்ன சொல்வது? ஏழாம் வகுப்பில் ‘என் குடும்பம்’ என்று கட்டுரை எழுதச் சொன்னார் எங்கள் தமிழாசிரியர். ‘எங்க அப்பத்தா ஊர்ல இருந்து வந்தாக’ என்று எழுதிவிட்டேன். நல்ல மனிதர்தான், அடிக்கவெல்லாம் மாட்டார். ‘வந்தாக’வை ராகம் போட்டு வகுப்புக்கு வாசித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லோர் வீட்டிலும் அப்பத்தாக்கள் ‘வந்தாக’ ‘போனாக’தான். சிவப்பு மையில் ‘கொச்சை’ என்று வட்டம் போட்டிருந்தது. ஒரு மொழி உன் வாயிலிருந்து வரும்போது தப்பு என்று எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது ஆங்கிலம் இல்லை, தமிழ்.

பியர் பூர்தியு, பிரான்ஸின் தென்மேற்கு மூலையில் பெயார்ன் என்ற பகுதியில் ஒரு தபால்காரரின் மகன். அந்த வட்டாரப் பேச்சோடு வளர்ந்து, பாரீஸில் படித்துப் பெரிய பேராசிரியர் ஆனவர். அவர் ஒரு சம்பவத்தை எடுத்துக்காட்டுகிறார். 1974ல் அங்கே ஒரு வட்டாரக் கவிஞருக்குப் பாராட்டு விழா. பக்கத்துப் பெரிய ஊரான போவின் மேயர் எழுந்து பெயார்ன் பேச்சிலேயே பேசினார். கூட்டம் நெகிழ்ந்துபோயிற்று. நல்ல தரமான பெயார்ன் பேச்சு என்று பத்திரிகை எழுதியது. பூர்தியு கேட்கிறார்: அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் தினமும் பேசுவது அதைத்தானே, எதற்கு நெகிழ்ந்தார்கள்? மேயரால் பிரெஞ்சில் பேச முடியும், பேசலாம், பேச வேண்டும். இருந்தும் இறங்கி வந்தார். அந்த இறக்கத்துக்குத்தான் கைதட்டு. அதே பேச்சை ஒரு விவசாயி பேசினால் அது வெறும் பட்டிக்காட்டுப் பேச்சு.

இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. கலிபோர்னியாவிலிருந்து வந்த பெரிய அதிகாரி மேடையில் ‘வணக்கம், எல்லாரும் சாப்டீங்களா’ என்றால் எங்கள் ஆடிட்டோரியம் ஐந்து நிமிடம் கைதட்டும். நானும் தட்டியிருக்கிறேன். கள்ளக்குறிச்சிப் பையனும் தமிழில்தானே பேசினான்.

இலக்கிய வாசகர்களான நமக்கும் இதில் பங்கு உண்டு. ‘வந்தாக’ என்று நாவலில் ஒரு கிழவி பேசினால் மண்வாசனை என்கிறோம். கதைசொல்லி மட்டும் சுத்தமான எழுத்துத் தமிழில், ஒரு படி மேலே நின்று அவளை விவரிப்பான். பள்ளிக்கூடம் பெரிதாகப் போகாத கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களை அகராதியாகவே தொகுத்தார், புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. ஆம், நடந்தது. எங்கள் தமிழாசிரியர் அதே கரிசல் மண்ணில் உட்கார்ந்துகொண்டுதான் என் நோட்டில் வட்டம் போட்டார். இந்தக் கட்டுரையையே பாருங்கள். பேச்சுத் தமிழையெல்லாம் மேற்கோள் குறிக்குள் போட்டுவிட்டு, குறிக்கு வெளியே ஒழுங்காக எழுதிக்கொண்டிருக்கிறேன். பழக்கம்.

என் கை சுத்தம் என்று சொல்லிக்கொள்ள வரவில்லை. மகளுக்கு நாலரை வயது. சிபிஎஸ்இ பள்ளியில்தான் சேர்த்திருக்கிறேன். பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துச் சேர்க்கை கொடுக்கக்கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அதனால் அங்கே நடந்ததற்குப் பெயர் ‘இன்டராக்‌ஷன்’. மனைவியும் நானும் முந்தின இரவு ஒத்திகை பார்த்துக்கொண்டோம். வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று கேட்டார்கள். ‘போத்’ என்றேன், தாழ்ந்த குரலில். ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். ஸ்கூலைப் பார்க்க வருகிறேன் என்றவரிடம் வெயிலாக இருக்கிறது, அப்புறம் போகலாம் என்று சொல்லிவிட்டேன். அவர் சத்தமாகப் பேசுவார்.

பிப்ரவரியில் எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அந்தப் பெட்டியை எடுத்துவிடுங்கள். அல்லது கேள்வி புரிந்ததா, தன் யோசனையை எந்த மொழியிலாவது படம் போட்டாவது விளக்கினாரா, புரியாததைப் புரியவில்லை என்று சொன்னாரா என்று மூன்றாகப் பிரித்து வையுங்கள் என்று கேட்டிருந்தேன். படிவம் எல்லா நாட்டு அலுவலகங்களுக்கும் பொதுவானது, இங்கே மாற்ற முடியாது என்று பதில் வந்தது. அந்தப் பையனை மறுபடி கூப்பிடலாமா என்றும் கேட்டேன். நிராகரித்தவர்களை ஆறு மாதத்துக்குக் கூப்பிடக்கூடாதாம். ஜூனில் பட்டியல் வந்தபோது தேடினேன். அவன் விண்ணப்பிக்கவில்லை.

ஜூன் மாத நேர்காணலில் முதலில் வந்தது பரமக்குடியிலிருந்து ஒரு பெண். உட்கார்ந்ததும் கையைக் கட்டிக்கொண்டார். ‘எந்தப் பாஷையில வேணும்னாலும் சொல்லும்மா, போர்டு இருக்கு, வரைஞ்சும் காட்டலாம்’ என்றேன். பக்கத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த எச்.ஆர். பெண்மணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ‘இங்கிலீஷ்லயே ட்ரை பண்றேன் சார்’ என்றார்.